குறை கண்டவர் பொறுப்பு

பீரிஸ் தோட்டத்தில் பூவும் இல்லை, காயும் இல்லை. கொழும்பில் ஏழைகள் நெருக்கியடித்து வாழும் இடங்களுக்கெல்லாம் தோட்டம் என்றுதான் பெயர். எங்கள் தோட்டம் கொட்டாஞ்சேனையில், துறைமுகத்தை நோக்கி இறங்கும் சரிவில் இருந்தது. எதிரெதிராக இரண்டு வரிசை அறைகள், நடுவே ஒரு முற்றம், முற்றத்தின் ஓரமாகக் கழிவுநீர் ஓடும் ஒரு கான், தெருவாசலில் ஒரேயொரு தண்ணீர்ப் பைப். கத்தோலிக்கர், முஸ்லிம்கள், சைவர்கள் எல்லாரும் அந்தப் பைப்பைச் சுற்றித்தான் வாழ்ந்தோம், சண்டையும் பிடித்தோம்.

என் வாப்பா புறக்கோட்டையில் ஒரு தையற்கடையில் துணி வெட்டுபவர். ஐந்தாம் வகுப்போடு என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டுக்குள் வைத்துவிட்டார்கள். அதன்பிறகு எனக்கு உலகம் என்றால் எங்கள் அரைக்கதவுக்கு மேலே தெரிந்த முற்றம்தான். அந்த முற்றத்தில் நான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்த ஆள் கொன்ஸ்ரன்ஸ் அக்கா.

அவர் எதிர் வரிசையில் தாய் மாக்ரெட் மாமியோடு இருந்தார். தகப்பன் துறைமுகத்தில் வேலை செய்தவர். கப்பலிலிருந்து சரக்கு இறக்கும் வள்ளத்துக்கும் கரைக்கும் இடையில் நசிந்து இறந்துபோனார். அக்கா ஒரு தேயிலை ஸ்டோரில் காம்பு பொறுக்கும் வேலைக்குப் போய்வந்தார். மாலையில் திரும்பும்போது தலைமயிரில், புருவத்தில், காது மடலில்கூடத் தேயிலைத் தூள் ஒட்டியிருக்கும். சிரித்தால் இரண்டு வரிசைக்கும் கேட்கும். கோபம் வந்தாலும் அப்படித்தான். செபமாலை சொல்லும்போது அவர் பாடுவதைக் கேட்டால் மாக்ரெட் மாமியே காதைப் பொத்துவார். பேர்பெற்ற குடும்பமோ பெரிய படிப்போ அவருக்கு இல்லை. அப்போது வயது இருபத்திரண்டு.

தோட்டத்தின் கடைசியில் தகரக் கூரை போட்ட ஓர் அறை இருந்தது. அதுதான் தோட்டத்துச் சங்கத்தின் அறை. சங்கத்துக்குத் தலைவர், வாசலோரத்து முன்வீட்டில் குடியிருந்த சிவபாதசுந்தரம் ஐயா. ஒரு கப்பல் கம்பனியில் தலைமைக் கிளாக்கர். நல்ல மனிதர், ஆனால் இளம் ஆட்கள் என்றால் உட்காரும் வாங்குகளைத் தூக்கிப் போடத்தான் என்று நினைத்திருந்தார். ஒருமுறை சங்கம் கூடியிருந்தபோது கொன்ஸ்ரன்ஸ் அக்கா ஜன்னலடியில் நின்று, "ஐயா, கான் நிரம்பி வீட்டுக்குள்ளை வருது" என்றார்.

"பெரியாக்கள் கதைக்கேக்கை பிள்ளையள் வாய் திறக்கிறதில்லை" என்றார் ஐயா. அக்கா வீட்டுக்குப் போனார். அன்று கதவு சாத்திய சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்டது.

பிறகு யுத்தம் வந்தது. 1942ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு. கத்தோலிக்கர்கள் காலைப் பூசைக்குப் போயிருந்த நேரம் ஜப்பான்காரனின் விமானங்கள் துறைமுகத்துக்கு மேலே வந்தன. நான் அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். விமானத் தாக்குதலுக்கான ஒத்திகை என்றுதான் முதலில் நினைத்தேன். நிலம் அதிர்ந்ததும் உம்மா என் கையைப் பிடித்து இழுத்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார். வெளியே வந்து பார்த்தபோது கடல் பக்கம் வானம் கறுத்திருந்தது. பூசைக்குப் போனவர்கள் புதுச் சட்டையோடும் வெள்ளைச் சேலையோடும் ஓடி வந்தார்கள்.

அந்தக் கிழமை கொழும்பே காலியானது. போக இடம் இருந்தவர்கள் எல்லாரும் போனார்கள். யாழ்ப்பாண ரயிலில் நிற்கக்கூட இடமில்லை என்றார்கள். சிவபாதசுந்தரம் ஐயாவும் குடும்பத்தோடு புறப்பட்டார். சங்க அறைச் சாவியை என்ன செய்வதென்று தெரியாமல், பைப்படியில் வாளியோடு நின்ற கொன்ஸ்ரன்ஸ் அக்காவிடம் நீட்டினார்.

"பிள்ளை, இதை வைச்சிரு. ஆரும் பெரியாக்கள் வந்தாக் குடு."

பெரியாட்கள் யாரும் வரவில்லை. சங்கத்தில் இருந்தவர்களில் பாதிப்பேர் ஊரைவிட்டுப் போயிருந்தார்கள், மீதிப்பேர் பயத்தில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நகரசபைத் தொழிலாளர்களும் ஓடிவிட்டதால் குப்பை அள்ள ஆளில்லை. பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். கான் அடைத்து, கறுப்புத் தண்ணீர் முற்றத்துக்கு வந்தது. குப்பையில் மொய்த்த இலையான் சோற்றுக்கு முந்தி வாய்க்குப் பறந்து வந்தது.

ஒரு நாள் பின்னேரம் கொன்ஸ்ரன்ஸ் அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"மாமி, பஹ்மியாவைக் கூப்பிட வந்தனான். இளம் ஆக்கள் எல்லாரும் சங்க அறையிலை இருந்து கதைக்கப் போறம்."

"என்ன புள்ள செல்ற நீ?" என்றார் உம்மா. "ஆம்புளயள் ஈக்கிற எடத்துக்கு இவள அனுப்பேலுமா?"

அக்கா கோபிப்பார் என்று நினைத்தேன். "அதுவும் சரிதான். அப்ப நாங்கள் இஞ்சை வாறம்" என்றார்.

அப்படித்தான் எங்கள் முதற்கூட்டம் என் வீட்டு வாசலில் நடந்தது. பொடியன்கள் வெளியே வாங்குகளில் இருந்தார்கள். பெண்பிள்ளைகள் உள்ளே பாயில் இருந்தோம். நடுவில் அரைக்கதவு. நான் வெளியே போக முடியாதென்றபோது, கூட்டத்தையே தூக்கி என் வாசலுக்குக் கொண்டுவந்தவர் அவர். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அதை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

கூட்டம் என்றா சொன்னேன்? எல்லாரும் குறைதான் சொன்னார்கள். அரிசி இல்லை, எண்ணெய் இல்லை, நுளம்புக்கடி, நாற்றம். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் நோபேட் என்ற பதினெட்டு வயதுப் பொடியன் எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினான்.

"கான் நாறுது! சோறு தொண்டைக்கால இறங்குதில்லை. ஒருத்தருக்கும் மூக்கில்லையோ?"

"உனக்கு இருக்குத்தானே" என்றார் அக்கா. "அப்ப கானுக்கு நீதான் பொறுப்பு."

"நானோ? நான் மூட்டை தூக்கிற ஆள். எனக்கென்ன தெரியும்?"

"எங்களுக்கெல்லாம் பழகிப் போச்சு. உனக்குத்தான் இன்னும் மணக்குது. என்ன செய்யவேணும் எண்டு சொல்லு, நாங்கள் செய்யிறம்."

எல்லாரும் சிரித்தார்கள். நோபேட்டுக்கு முகம் சிவந்தது. அன்றிலிருந்து அதுவே எங்கள் சட்டமாகியது. யார் குறையைக் கண்டு சொல்கிறாரோ அவரே அதற்குப் பொறுப்பு, மற்றவர்கள் அவருக்குக் கை கொடுக்கவேண்டும்.

அந்தச் சட்டம் என்னையும் பிடித்தது. என்னையறியாமல் உள்ளேயிருந்து சொல்லிவிட்டேன்: "ஸ்கூல் மூடினத்துலேந்து சின்னப் புள்ளயள் நாள் முழுக்க சண்ட புடிக்கிறாங்க. எழுத்தெல்லாம் மறந்து போகுது."

"ஆர் கதைச்சது?" என்று அக்கா எட்டிப் பார்த்தார். "பஹ்மியாவோ? அப்ப பிள்ளையள் உன்ரை பொறுப்பு."

நான் உம்மாவைப் பார்த்தேன். உம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "ஊட்டுக்குள்ள வெச்சிப் படிச்சிக் குடுக்கிறதென்டா குத்தமில்ல" என்றார். உம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அந்த ஒரு சொல்லுக்காக நான் அவருக்கு எவ்வளவு கடன்பட்டவள் என்பது பிறகுதான் விளங்கியது.

மறுநாள் நோபேட் கானுக்குள் இறங்கினான். கொன்ஸ்ரன்ஸ் அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூடையோடு அவன் முன்னால் போய் நின்றார். "சொல்லு, எங்கை கொட்டிறது?" தன்னைவிட மூத்த பெண்ணுக்கு வேலை சொல்ல அவனுக்குக் கூச்சம். அவர் விடவில்லை. அவன் சொல்லும்வரை கூடையோடு நின்றார். கடைசியில் சொன்னான். பத்துப் பேருக்கு வேலை சொல்ல அவன் பழகியதும் அன்றுதான்.

முதல் வேலையிலேயே பிழைவிட்டான். எங்கள் கானிலிருந்து தள்ளிவிட்ட அழுக்கெல்லாம் சரிவில் கீழே இருந்த சிங்களவர்களின் தோட்டத்துக்குள் போய் நிறைந்தது. அவர்கள் தடி பொல்லுகளோடு வந்துவிட்டார்கள். நோபேட் ஓடி வந்து, "அக்கா, நீங்கள் வந்து கதையுங்கோ" என்று கெஞ்சினான்.

"கான் உன்ரை. நீ கதை. நான் பக்கத்திலை நிக்கிறன்."

அவன் போய், கையெடுத்துக் கும்பிட்டு, "அய்யே, சமாவென்ன" என்று சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டான். தானே வந்து அள்ளித் தருவதாகச் சொன்னான். சொன்னபடி அள்ளவும் செய்தான். அதைப் பார்த்த கீழ்த் தோட்டத்துப் பொடியன்கள் தாங்களும் மண்வெட்டி எடுத்தார்கள். இரண்டு தோட்டமும் சேர்ந்து தெருவின் பெரிய கான்வரைக்கும் வழி வெட்டினார்கள்.

என் வகுப்பு எங்கள் வீட்டுப் பாயில் தொடங்கியது. சிலேற் இல்லை, ஆற்றுமணலைத் தாம்பாளத்தில் பரப்பி விரலால் எழுதினோம். "அ" எழுதக் கற்ற ஒரு பிள்ளை அதை அழிக்க மனமில்லாமல் தாம்பாளத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதது. மற்றொன்றுக்கு எழுத மணல் வேண்டுமே என்று நான் அதனோடு மன்றாடிக்கொண்டிருக்க, உம்மா அடுப்படியில் வாயைப் பொத்திச் சிரித்தார்.

வயிறும் கானும் மட்டுமா எங்கள் குறை? குண்டு விழுந்த நாளிலிருந்து பொழுது சாயும்போது எல்லாருக்கும் பயம் வரும். வெளிச்சம் வெளியே தெரியும்படி விளக்கு ஏற்றக்கூடாது என்பது யுத்தக்காலக் கட்டளை. அந்தப் பயம் பைப்படியில் சண்டையாக வெடிக்கும். என் அண்ணன் ஜாபிர் நானா ஒரு கூட்டத்தில், "மஃரிபுக்குத் தொழ ஏலாம ஈக்கிது, அவ்வளவு சத்தம்" என்று மாலைத் தொழுகையைப் பற்றிச் சொன்னார். சொல்லி முடிக்குமுன் எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அதற்கு அவர் பொறுப்பானார்.

நானா வீடு வீடாகப் போனார். கத்தோலிக்கர்கள் அதே நேரத்தில்தான் செபமாலை சொல்வார்கள், சைவர்கள் சாமிக்கு விளக்கு வைப்பார்கள் என்பது அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. இத்தனை வருடம் ஒரே முற்றத்தில் இருந்தும் தெரியவில்லை! பொழுதுபடும் நேரத்தில் யாரும் தண்ணீர் பிடிப்பதில்லை, அவரவர் வீட்டுக்குள் அவரவர் வழியில் கடவுளை நினைப்பது, முடிந்ததும் முற்றத்தில் சற்று நேரம் கூடியிருப்பது என்று முடிவானது.

முதல்நாள் எல்லாரும் முற்றத்துக்கு வந்தோம். நான் கதவுக்குள் நின்றேன். என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. அப்போது தூரத்தில் நின்ற அங்கம்மா பேசினார். அவர் நகரசபையில் தெருக் கூட்டும் விதவை, இந்தியாவிலிருந்து வந்தவர். மற்றவர்கள் ஓடியபோதும் ஓடாதவர். தோட்டத்தில் அவரை யாரும் பக்கத்தில் இருக்க விடுவதில்லை.

"கான்ல தண்ணி ஓடுதுங்க" என்றார் அங்கம்மா. "அந்தப் புள்ள நல்லாயிருக்கணும். சாமிக்குத்தான் கும்புடு போட்டேன்."

நோபேட் குனிந்து, கண்ணில் ஏதோ விழுந்ததுபோலத் துடைத்தான். அவனை யாரும் அதுவரை வாழ்த்தியதில்லை. கொன்ஸ்ரன்ஸ் அக்கா வாங்கில் சற்று நகர்ந்து இடம்விட்டார். "அங்கம்மா அக்கா, இஞ்சை வந்து இருங்கோ."

இரண்டு மூன்று பெண்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார்கள். அக்கா அவர்களைத் தடுக்கவில்லை, அங்கம்மாவின் கையையும் விடவில்லை. போனவர்கள் சில நாளில் திரும்பி வந்தார்கள். அங்கம்மா சொன்னதைப் போல அன்றன்று கிடைத்த ஒரு நன்மையைச் சொல்லி நன்றி கூறுவது எங்கள் வழக்கமாயிற்று. பாண் ரொட்டி கிடைத்தது, பிள்ளைக்கு இருமல் குறைந்தது, மகனிடமிருந்து சேதி வந்தது. பொழுது சாய்வதைப் பற்றிய பயம் எப்போது போனதென்று எங்களுக்கே தெரியாது.

மழை தொடங்கியதும் நெருப்புக் காய்ச்சல், அதாவது டைபாய்ட், வந்தது. முதலில் படுத்தவர்களில் ஒருவர் கொன்ஸ்ரன்ஸ் அக்கா.

மாக்ரெட் மாமி பித்துப் பிடித்தவர்போல ஆகிவிட்டார். பக்கத்தில் போகவே எல்லாரும் பயந்தபோது அங்கம்மா போனார். "எனக்கு இது வந்து போயிருச்சு, இனி வராது தாயி" என்று சொல்லிவிட்டு, தலைமாட்டில் இருந்து நெற்றிக்கு ஈரத்துணி போட்டார், அழுக்குத் துணியைத் துவைத்தார், கஞ்சித் தண்ணீர் பருக்கினார்.

நாங்கள் வழி தெரியாமல் அக்காவின் ஜன்னலடிக்குப் போனோம். அன்று நானும் போனேன், உம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு. "அக்கா, எதிர் வரிசையிலும் காய்ச்சல். என்ன செய்யிறது?" என்று கேட்டான் நோபேட்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "என்னட்டக் கேளாதையுங்கோ. நீங்கள் இருந்து கதையுங்கோ" என்றார். அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் வந்தது. எங்களைக் கைவிட்டுவிட்டார் என்றே நினைத்தேன். ஆனாலும் கதைத்தோம். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கும்படி மருந்து தந்த அப்போதிக்கரி சொல்லியிருந்தார். சோறு ஆக்கவே விறகில்லாத வீடுகள், தண்ணீருக்கு எங்கே போவது? எல்லாருக்கும் ஒரே அடுப்பில் கொதிக்கவைப்போம் என்றேன் நான். அதற்கும் நானே பொறுப்பானேன். நோபேட் துறைமுகத்தில் கேட்டுக் கெஞ்சி உடைந்த பெட்டிப் பலகைகளைக் கொண்டுவந்தான். ஜாபிர் நானா பள்ளிவாசலில் கந்தூரிக்குச் சோறு ஆக்கும் பெரிய கிடாரத்தை இரவலாக வாங்கி வந்தார். முற்றத்தின் நடுவே அடுப்பு மூட்டினோம். நான் தலையை மூடிக்கொண்டு, உம்மா பின்னால் வர, வீடு வீடாகப் போய் இந்தத் தண்ணீரை மட்டுமே குடிக்கவேண்டும் என்று பெண்களிடம் சொன்னேன். என் வகுப்புப் பிள்ளைகள்தான் எனக்கு முன்னால் ஓடிப்போய்க் கதவுகளைத் தட்டினார்கள்.

எல்லாரையும் காப்பாற்றினோம் என்று சொல்லமாட்டேன். எங்கள் வரிசையில் ஒரு கைக்குழந்தை போய்விட்டது. கத்தோலிக்கக் குழந்தை. அதன் சின்னப் பெட்டியை நோபேட்டும் நானாவும் மாறி மாறிச் சுமந்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்தில் காய்ச்சலுக்கு வேறு உயிர் போகவில்லை.

கொன்ஸ்ரன்ஸ் அக்கா எழும்பினார். தலைமயிர் கொத்தாய்க் கொட்டியிருந்தது. ஒரு காலை, அங்கம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல முற்றத்துக்கு வந்தார். கிடாரத்தில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. உம்மாவின் சம்மதத்தோடு சங்க அறைக்கு மாறியிருந்த என் வகுப்பில் பிள்ளைகள் ஆத்திசூடி சொல்லிக்கொண்டிருந்தார்கள். கான் ஓடிக்கொண்டிருந்தது. நோபேட் யாரையோ ஏசிக்கொண்டு மண்வெட்டியோடு அவரைக் கடந்து போனான், கவனிக்கக்கூட இல்லை.

"ஒருத்தரும் என்னைத் தேடேல்லைப் போல!" என்றார் அக்கா. சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்குமுன் யார் முகத்திலும் கண்டதில்லை. என் கோபம் அங்கேயே தீர்ந்தது. அந்த ஜன்னலடியில் அவர் எங்களைக் கைவிடவில்லை, எங்களை நம்பியிருந்தார்.

அடுத்த வருடம் சிவபாதசுந்தரம் ஐயா குடும்பத்தோடு திரும்பினார். வந்த ஞாயிற்றுக்கிழமையே சங்கத்தைக் கூட்டினார். வெள்ளையடித்த சுவரையும் மூலையில் அடுக்கியிருந்த மணல் தாம்பாளங்களையும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் பழைய நாற்காலியில் அமர்ந்தார்.

"பிள்ளையள் நல்லாத்தான் பாத்திருக்கிறியள். சந்தோஷம். இனி நாங்கள் பாத்துக்கொள்ளுறம்."

எல்லாரும் கொன்ஸ்ரன்ஸ் அக்காவைப் பார்த்தோம். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் நோபேட் எழும்பினான்.

"ஐயா, கோவிக்கக் கூடாது. நாங்கள் இதை விடமாட்டம். நீங்களும் வாங்கோ, சேர்ந்து செய்வம்."

"ஆருக்கு முன்னாலை கதைக்கிறாய் எண்டு தெரியுதோ?" ஐயாவின் குரல் உயர்ந்தது. "எல்லாம் செய்து கிழிச்சிட்டியளோ? பைப்படியிலை போய்ப் பார். கல்லெல்லாம் பாசி. காலமை நான் வழுக்கி விழப் பாத்தனான். ஆரும் கவனிக்கிறேல்லை!"

அப்போது வாசலில் நின்ற என் வகுப்புப் பிள்ளைகளில் ஒன்று, ஆறு வயதுகூட இருக்காது, படித்த பாடத்தை ஒப்புவிப்பதுபோலச் சொன்னது: "அப்ப நீங்கள்தான் பொறுப்பு."

ஐயா அந்தப் பிள்ளையை வெறித்துப் பார்த்தார். பிறகு எங்கள் எல்லாரையும். "இது என்ன சட்டம்?" என்று கேட்டார். கொன்ஸ்ரன்ஸ் அக்கா அப்போதுதான் வாய் திறந்து, தாழ்ந்த குரலில் அதை விளக்கினார். ஐயாவின் வயிறு முதலில் குலுங்கியது, பிறகுதான் சிரிப்புச் சத்தம் வந்தது.

மறுநாள் காலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாசி தேய்க்கத் தும்புக்கட்டையும் சாம்பலுமாகப் பைப்படியில் குந்தியிருந்தார் தலைமைக் கிளாக்கர். நோபேட் வாளியில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தான். இரண்டாவது பைப் கேட்டு நகரசபைக்கு ஆங்கிலத்தில் மனு எழுதியதும் அவர்தான். "என்ன எழுதவேணும் எண்டு நீ சொல்லு தம்பி" என்று நோபேட்டிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். அந்தப் பைப் யுத்தம் முடிந்த பிறகு வந்தது.

கொன்ஸ்ரன்ஸ் அக்கா கலியாணம் முடித்து மட்டக்குளிக்குப் போனார். மாப்பிள்ளை சிறில், அங்கே மீன்பிடிக் குடும்பம். போகும் நாளில் தோட்டமே அழுதது, ஆனால் இனி யார் எங்களைப் பார்ப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான் வீட்டிலிருந்தே படித்துச் சோதனை எழுதினேன். ஐயா எனக்குக் கணக்குச் சொல்லித் தந்தார், வாப்பா தன் வாயாலேயே சம்மதம் தந்தார். 1947இல் ஒரு சிறிய பெண்பிள்ளைகள் பள்ளியில் கீழ்வகுப்புக்கு உதவி ஆசிரியையாக என்னை எடுத்தார்கள். எங்கள் குடும்பத்தில் வேலைக்குப் போன முதற்பெண் நான். சேதி கிடைத்த அன்றே ஜாபிர் நானாவைக் கூட்டிக்கொண்டு மட்டக்குளிக்கு பஸ் ஏறினேன்.

அக்காவின் வீட்டில் ஆளில்லை. மாதா கோயிலடியில் இருப்பதாகச் சொன்னார்கள். அங்கே ஒரு கொட்டகைக்குள் மீனவப் பிள்ளைகள் கூட்டமாக இருந்தார்கள். பதினைந்து வயதுபோல ஒரு பெண்பிள்ளை முன்னால் நின்று, மழைக்காலத்தில் கிழவர்களின் குடிசைக் கூரைகளுக்குத் தென்னோலைக் கிடுகு கட்டுவதைப் பற்றியும், ஞாயிறு மாலைச் செபத்தை யார் வீட்டில் வைப்பதென்பதைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தாள். கொன்ஸ்ரன்ஸ் அக்கா கடைசி வரிசையில் மணலில் இருந்தார், மடியில் பிள்ளை.

பக்கத்தில் போய் உட்கார்ந்து காதுக்குள் சேதியைச் சொன்னேன். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணீர் என் விரல்களில் விழுந்தது.

"அக்கா, நீங்கள் இல்லாட்டி..." என்று தொடங்கினேன்.

"ஸ்ஸ்" என்றார். "அந்தப் பிள்ளை கதைக்குது, கேள்."

நன்றியை நான் மனதுக்குள்தான் சொல்லவேண்டியிருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டு, அக்காவின் மடியிலிருந்த பிள்ளையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பெண்பிள்ளை பேசுவதைக் கேட்கத் தொடங்கினேன்.